அப்பாவின் ஆர்மோனியமும் அரைக்கட்டை சுருதியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். இரண்டு தரப்பிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று, 2012-13-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள். உங்களில் பலர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். இன்னொருவர் என் அப்பா. அவர் 1997-லேயே போய்விட்டார்.

முதலில் எட்டாம் வகுப்புக் கதை.

அந்த வருடம் நம் பள்ளிக்கு ஒரு பெரிய தட்டை டிவி நன்கொடையாக வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தலைமையாசிரியர் அறையில் பூட்டு போட்டு வைத்திருந்தோம். விடுதலைப் போராட்டப் பாடம் நடத்தும்போது உங்களுக்கு வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று எனக்கு ஓர் ஆசை. எங்கள் சிறு வயதில் அரை டிக்கெட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய படம் அது. கடைத்தெருவில் ஒரு சிடி வாங்கி வந்தேன். இரண்டு பாடவேளையைச் சேர்த்து எல்லோரையும் தரையில் உட்கார வைத்தேன்.

பத்து நிமிடத்தில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. திரையில் எல்லோரும் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தார்கள். சிவாஜியின் முகம் பூசணிக்காயாக இருந்தது. குதிரைகள் எருமை மாதிரி ஓடின. அரண்மனை, ஆடை, முகம் எல்லாமே ஒரே இளஞ்சிவப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், அந்தக் காலத்துல எல்லாருமே இவ்வளவு குண்டா இருந்தாங்களா?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "அந்தக் காலத்துல டெக்னாலஜி அவ்வளவுதாண்டா, பேசாம பாரு" என்றேன். அரை மணி நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு வகுப்புக்குக் கூட்டிப் போய்விட்டேன். பிறகு எந்த வகுப்புக்கும் பழைய படம் எதையும் நான் காட்டவில்லை.

நான் சொன்ன அந்த பதில் தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்று இந்தப் பொங்கலுக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ரைஸ் மில்லில் கணக்கு எழுதும் வேலை. சனிக்கிழமை தோறும், மார்கழியில் தினமும், பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். முறையாகப் படித்த வித்வான் இல்லை, கேள்வி ஞானம்தான். காது மட்டும் கூர்மை. பக்கத்துத் தெருவில் பால்காரர் மணி அடித்தால் அது எந்தக் கட்டை என்று சொல்லுவார். நாங்கள் சிரிப்போம்.

தில்லானா மோகனாம்பாள் 1968-ல் வெளிவந்தது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர ஒரு வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஒன்பது வயது. மணல் தரையில் முன்வரிசையில் அப்பா மடியில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். அந்தப் படத்துக்கு அப்பா நாலு தடவை போனார். திரையில் சிவாஜி நாகஸ்வரம் வாசிக்க, உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும், "விரலைப் பாரு தம்பி, துளை மாறாம வைக்கிறாரு பாரு" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். வாய்க்கால் கரையில் நடந்து வீடு திரும்பும்போது முழு வழியும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் சுசீலா பாடும் அந்தப் பாட்டை ஆர்மோனியத்தில் பிடித்துவிட்டார். பிறகு வானொலியில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் பெட்டியை இழுத்து வைத்துக் கூடவே வாசிப்பார். இரண்டும் ஒன்றோடொன்று அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இருபது வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகு ஞாயிறு சாயங்காலப் படத்துக்குத் தெருவே எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். துபாயிலிருந்து வந்த சின்ன அத்தான் ஒரு டெக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லானா மோகனாம்பாள் போட்டார்கள். அப்பாவுக்காக என்று அதை கேசட்டில் பதிவு செய்தேன்.

பாட்டு வந்தது. அப்பா நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, சுருதி ஏறியிருக்கு."

"அதே பாட்டுதாம்பா. சுசீலா பாடினதுதான்."

"பாட்டு அதுதான். யாரோ ஓடிக்கிட்டே பாடுற மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு குரலும் இவ்வளவு மெலிசா இருக்காது."

மறுநாள் கேசட்டைத் திரும்பப் போடச் சொன்னார். ஆர்மோனியத்தை எடுத்து வந்து வைத்தார். ஒரு கட்டையை அழுத்தினார், அடுத்த கட்டையை அழுத்தினார். "பாரு. இதுலயும் நிக்கல, அடுத்ததுலயும் நிக்கல. ரெண்டுக்கும் நடுவுல தொங்குது. ரேடியோவுல வர்றப்ப இதே கட்டையில பிசகாம நிக்கும்."

அத்தான், அக்கா, பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா. காது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். மெஷின் பொய் சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பதில் பேசவில்லை. துருத்தியை மூடினார், கொக்கியை மாட்டினார், பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு டிவியில் பழைய படம் ஓடினால் திண்ணைக்கு எழுந்து போய்விடுவார். டிவி அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இனி இந்தப் பொங்கல்.

2003 செட் மாணவன் ஒருவன், பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான், சென்னையில் பழைய பிலிம் சுருள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் இடத்தில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்தபோது என் பழைய கேசட்டுகளைக் கொடுத்திருந்தேன். அக்கா கல்யாணம், அம்மாவின் அறுபதாம் கல்யாணம், அவற்றோடு இந்தத் தில்லானா மோகனாம்பாளும். எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அவன் துடைத்து, காயவைத்து, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

இருவரும் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டு வந்தபோது அப்பா சொன்னதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"சார், தாத்தா சொன்னது சரி சார்."

பிறகு விளக்கினான். சினிமா, நொடிக்கு 24 கட்டம் என்ற கணக்கில் எடுக்கப்படுவது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதற்கு ஏற்றபடி நம் டிவி நொடிக்கு 25 படம் என்று வைக்கப்பட்டது. 24-ஐ 25-க்குள் எப்படி அடைப்பது? படத்தையே நொடிக்கு 25 கட்டமாக, கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். ஐரோப்பாவிலும் இதே வழக்கம்தானாம்.

"எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே கணக்குப் போடுங்க சார்" என்றான். என்னிடம் விகிதமும் சதவீதமும் படித்த பையன், எனக்கே கணக்குக் கொடுக்கிறான்! காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். 24-க்கு 1 கூடினால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரப் படம், அதாவது 150 நிமிடம், 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் காணாமல் போவது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஓட்டம் 4 சதவீதம் கூடினால் சுருதியும் 4 சதவீதம் ஏறும்.

ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் உள்ள தூரத்தை அரைக்கட்டை என்போம். அந்தத் தூரம் சுமார் 6 சதவீதம். அப்படியானால் 4 சதவீதம் ஏறிய பாட்டு எங்கே நிற்கும்? முதல் கட்டையைத் தாண்டிவிட்டது, அடுத்த கட்டையைத் தொடவில்லை. நடுவில்தான் தொங்கும்.

பரணில் இருந்த ஆர்மோனியத்தை இறக்கினேன். துருத்தியில் ஓட்டை. இரண்டு ரீடு பேசவே இல்லை. அவன் துருத்தியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டான், நான் கட்டையை அழுத்தினேன். கேசட்டில் உள்ளபடி ஓட்டியபோது ஒட்டவில்லை. அவன் கணினியில் ஏதோ மாற்றி, ஓட்டத்தை 24-க்குக் குறைத்தான். மறுபடி அழுத்தினேன். நின்றது.

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, மாமா வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டேன் அல்லவா? சொல்லும். கூடத்தில் அன்று உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் வெறுமனே வாதாடவும் இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து வைத்து நிரூபித்துக் காட்டினார். பரிசோதனை செய்து பார்த்து நம்பு என்று முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்திய நான், கண்ணெதிரே நடந்த பரிசோதனையைச் சிரித்து ஒதுக்கினேன்.

அன்று மாலை முழுக்க அவனை விடாமல் கேள்வி கேட்டேன். அவன் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் எட்டாம் வகுப்புக் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

குண்டாகத் தெரிந்த கதை இதுதான். அந்தக் காலப் படங்களின் கட்டம் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று. அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு. இன்றைய டிவி 16-க்கு 9. நாலுக்கு மூன்று என்பது 12-க்கு 9. அந்த 12-ஐ 16 ஆக இழுத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். சிவாஜி குண்டாகவில்லை, பிள்ளைகளே. நான் டிவி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் சரியாகியிருக்கும். அது எனக்குத் தெரியவில்லை.

சிலர் இழுக்க மாட்டார்கள், வெட்டுவார்கள். அகலத்தைச் சரியாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் நறுக்கிவிடுவார்கள். நாலில் ஒரு பங்கு படம் போய்விடும். தலை தட்டும், கால் காணாமல் போகும். பத்மினி ஆடும்போது கால் தெரியாவிட்டால் அது என்ன நடனம்?

இளஞ்சிவப்புக்கும் காரணம் உண்டு. எண்பதுகளின் தொடக்கம் வரை வந்த பெரும்பாலான கலர் பிலிம்களில் சாயம் மங்கும். அதிலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும். மிச்சம் நிற்பது சிவப்பு. அப்படி மங்கி, கொட்டகை கொட்டகையாக ஓடிக் கீறல் விழுந்து, மழை பெய்கிற ஒரு பிரதியைத்தான் அவசரத்துக்கு எடுத்துக் கேசட்டாக்கினார்கள். அதிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து ஒரு சிடி. நகலுக்கு நகல் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த வினாத்தாளை எத்தனை தடவை உங்களிடம் கொடுத்திருக்கிறேன்!

நான் உங்களுக்குக் காட்டிய கட்டபொம்மன் எப்படிப்பட்ட படம் தெரியுமா? 1959-ல் கெவாகலரில் எடுத்து, லண்டனில் டெக்னிகலர் பிரதி போட்டுக் கொண்டுவந்தார்கள். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான். அவ்வளவு செலவும் உழைப்பும் போட்டுச் செய்த நிறத்தை நான் 'டெக்னாலஜி அவ்வளவுதான்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டேன்.

புள்ளிக் கணக்கும் சொன்னான். நாம் வாங்கிப் பார்த்த வீடியோ சிடியில் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288. பெருக்கினால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். டிவிடியில் 720-க்கு 576, நாலு லட்சம் சொச்சம். இப்போது அவர்கள் 35 மி.மீ. பிலிமை ஸ்கேன் செய்யும்போது ஒரு கட்டத்துக்கு ஒரு கோடிப் புள்ளிக்கு மேல் எடுக்கிறார்களாம். கோடியில் இருப்பதை லட்சத்தில் அடைத்தால் எது போகும்? பெரிய முகம் போகாது. சின்னவைதான் போகும். கண்ணோரத்து ஈரம், புடவையின் நெசவு, நாகஸ்வரத் துளையின் மேல் விரல். "விரலைப் பாரு தம்பி" என்று அப்பா சொன்ன விரல் என் கேசட்டில் ஒரு பழுப்புத் திட்டாக இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்னொரு ஆபத்து. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனையோ சாம்பல் படிகள் உண்டு. மோசமான நகலில் அந்தப் படிகள் எல்லாம் சரிந்து விழுந்து, ஒன்று சுண்ணாம்பு அல்லது கரி என்று ஆகிவிடும். ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்த நாள் படத்தை நான் முதலில் சிடியில்தான் பார்த்தேன். 1954-ல் வந்தது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நாளை ஒட்டிய கதை. நிழலும் வெளிச்சமும்தான் அதில் பாதிக் கதை சொல்லும். என் சிடியில் நிழல் எல்லாம் ஒரே தார். யார் நிற்கிறார், யார் பார்க்கிறார் என்றே தெரியவில்லை. வானொலி நாடகம் கேட்ட மாதிரி இருந்தது. 'இதையா எல்லோரும் புகழ்கிறார்கள்?' என்று ஆசிரியர் ஓய்வறையில் நான் பேசியிருக்கிறேன். பிறகு என் மாணவன் நல்ல பிரதி ஒன்றைப் போட்டுக் காட்டினான். அதே காட்சி. இருட்டுக்குள் முகம் இருந்தது, முகத்தில் பயம் இருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வோம். இங்கே ஆடியவர்கள் நன்றாகத்தான் ஆடியிருக்கிறார்கள். கூடம்தான் உண்மையிலேயே கோணல். நாம் ஆட்டக்காரரைப் பழித்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பழைய படமும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. தூங்க வைக்கும் படங்களும் அன்று நிறையவே வந்தன. டூரிங் கொட்டகையிலும் மழை பெய்தது, ரீல் அறுந்தது, விசில் பறந்தது. புதிதாக மெருகேற்றுகிறேன் என்று முகத்தை மெழுகு பொம்மையாக்குகிறவர்களும், அகலத் திரைக்காகத் தலையை வெட்டுகிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தை மோசம் என்று சொல்வதற்கு முன்னால், நாம் பார்த்தது படத்தையா அதன் மோசமான நகலையா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

கவனம் எடுத்துச் செய்தால் என்ன முடியும் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலியின் மூல நெகட்டிவ் 1993-ல் லண்டனில் ஒரு தீவிபத்தில் கருகியது. அந்தக் கருகிய சுருளையே பக்குவப்படுத்தி, எடுக்க முடிந்ததை எடுத்து, மிச்சத்துக்கு வேறு நல்ல பிரதிகளைச் சேர்த்து, இத்தாலியில் போலோனா நகரத்து ஆய்வகத்தில் சரிசெய்து 2015-ல் திரையிட்டார்கள். நம் ஊரிலும் 2012-ல் கர்ணனை மெருகேற்றித் திரையிட்டபோது, 1964-ம் வருடத்துப் படத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

சரி, வாத்தியார் புத்தி போகாது. வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க முடியவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்குப் பழைய படம் காட்டும்போது முதலில் திரையில் ஏதாவது ஒரு வட்டத்தைப் பாருங்கள். நெற்றிப் பொட்டு, வண்டிச் சக்கரம், நிலா, எதுவானாலும் சரி. வட்டப் பொட்டு முட்டைப் பொட்டாகத் தெரிந்தால் ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவை நாலுக்கு மூன்று என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது குறையில்லை, படத்தின் உண்மையான ஓரம் அது. ஒரே படத்துக்கு இணையத்தில் நாலைந்து பிரதிகள் கிடக்கும். முதலில் வருவதையே போடாமல் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்து, தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் ஓட்டத்தை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் "நாங்க பார்த்தப்ப இப்படி இல்லையே" என்று சொன்னால், கண் போச்சு, காது போச்சு என்று சொல்லாதீர்கள். எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் பார்த்த நல்ல பிரதி இன்று எங்குமே இல்லாமல் இருக்கலாம். அவர்கள் ஞாபகத்தில் மட்டுமே மிச்சம் இருக்கலாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, அன்று எழுந்து கேள்வி கேட்டவனே, நீ கேட்டது நல்ல கேள்வி. கண்ணில் பட்டதைக் கேட்டாய். பதில் தெரியாத நான் உன்னை உட்கார வைத்தேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டபொம்மனைப் போடலாம் என்றிருக்கிறேன். 2015-ல் மெருகேற்றி மறுபடி வெளியிட்ட படம். வர முடிந்தவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். சுண்டலுக்கு உங்கள் டீச்சரம்மா பொறுப்பு.

ஆர்மோனியத்தைக் கும்பகோணத்தில் ஒருவரிடம் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். பேத்தி கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். வந்ததும் முதல் வேலையாக அந்தப் பாட்டை 24-லேயே ஓட்டிவிட்டு, திண்ணையில் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்